மூடி போடுவதற்கு முன்

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
4 ஜனவரி 2025

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி பனிக்கு வந்தது, பனியோடு போய்விடும். உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை அந்த ஆபீஸ் மெஷின் காபிதானா?

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாய் என்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறாய். "ம்" என்று எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான்.

கிறிஸ்துமஸுக்கு உன் அண்ணன் ரெக்ஸ், மதினி லீமா, பாப்பா, நீ என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததைப் பார்க்க உன் அப்பா இல்லாமல் போய்விட்டார். அவர் பள்ளிக்கூட விடுதியில் சமைத்தார், நான் அதே விடுதியில் துணி துவைத்தேன். இன்றைக்குக் கோயிலில் யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்கிறேன். பட்டாளத்துக்கு ரேடியோப் பெட்டிக்குள் வைக்கிற சிப்பை ஓசூரில் என் மகன் செய்கிறான். அதைச் செய்கிற கம்பெனிகள் லாயக்கா என்று பெங்களூரில் என் மகள் பார்க்கிறாள். அண்ணன் கம்பெனியை மட்டும் நீ பார்க்கக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அது சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

பாப்பாவுக்கு ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா அன்று ஞானஸ்நானம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, நான் நேர்ந்துகொண்டது. நீதான் ஞானத்தாய். கவுன் நீ தைப்பதாகச் சொன்னாய், மறந்துவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். அன்று சாப்பிடும்போது அண்ணன் அவன் கம்பெனிக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பெரிய அடுப்பு படுத்துவிட்டதாம். "சின்ன அடுப்புல பாதி நேரம் வச்சு எடுத்துடுறோம்மா, டெஸ்ட்ல எல்லாம் பாஸ்தான்" என்றான். நீ வாயில் வைத்த கறியை மெல்லாமல் இருந்தாய். பிறகு கை கழுவ எழுந்துவிட்டாய். மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிவிட்டாய்.

கறியில் உப்பு கூடிவிட்டதா?

அன்பு அம்மா

பெங்களூரு
27 ஜனவரி 2025

அன்புள்ள அம்மா,

தொண்டை தேவலாம். நீ கொடுத்துவிட்ட தைலம் தீரப் போகிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, படிக்கட்டில் தண்ணீர் தூக்காதே.

உப்பு சரியாகத்தான் இருந்தது அம்மா.

எழுதலாமா கூடாதா என்று இத்தனை நாள் யோசித்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் ஒவ்வொரு சிப்பையும் எடுத்துச் சோதிப்பதில்லை. அது முடியாது. ஒரு கம்பெனி எந்த முறையில் செய்கிறது என்று எழுதித் தர வேண்டும். அந்த முறையில் செய்த சிலதை வாங்கி, சுட்டு, குளிர வைத்து, உடைத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் அந்தக் கம்பெனிக்கு அங்கீகாரம். அதற்குப் பிறகு அவர்கள் அனுப்புவதை நாங்கள் நம்புகிறோம். அதனால் அவர்கள் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்றே ஒன்று. முறையில் எந்த மாற்றம் செய்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், முதலில் எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

சிப்புக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒட்டுவார்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். அண்ணன் கம்பெனி எழுதிக் கொடுத்தது பெரிய அடுப்பு, முழு ராத்திரி. செய்வது சின்ன அடுப்பு, பாதி நேரம். நாங்கள் சோதித்தது பெரிய அடுப்பில் வைத்தது.

அந்தக் கம்பெனியின் தர அதிகாரி அண்ணன்தான். கையெழுத்து அவனுடையது. நான் அவனிடம் இதைப் பற்றிப் பேசக் கூடாது, அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்ததை என் ஆபீஸில் சொல்லாமல் இருக்கவும் கூடாது.

பாப்பா குப்புற விழுகிறாளா? படம் அனுப்பச் சொல்.

ஃபெமினா

மூஞ்சிக்கல்
9 பிப்ரவரி 2025

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகளுக்கு அம்மா. நான் சுகம். உன் கடிதத்தை வாசித்த பிறகு சுகமா என்று தெரியவில்லை.

ஏண்டி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்ன உங்கள் ஆபீஸ் மேசையா? அவன் அம்மா முன்னால் சிரித்துப் பேசினான். அந்தப் பேச்சை நீ எங்கே தூக்கிக்கொண்டு போகப் போகிறாய்? உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைக்க அவன் தன் மேல்படிப்பை விட்டான். அதை நான் உனக்குச் சொல்லிக் காட்டக் கூடாது, ஆனால் எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு துணிக் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுதியில் மழைக்காலத்தில் பிள்ளைகளுடைய கம்பளியைக் காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்துவிடுவோம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் நாற்றம் எழும்பும். மேட்ரன் சிஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ சொல்வது அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ அவனிடம் பேசக் கூடாது. சரி. என்னிடம் யார் எழுதி வாங்கினார்கள்? அஞ்சாம் கிளாஸ் படித்தவளிடம் எந்த ஆபீசும் கையெழுத்துக் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு அவன் வருகிறான். அடுப்பு மாறினதை நீயே போய்ச் சொல்லிவிடு என்று நான் சொல்கிறேன். என் பேச்சை அவன் தட்ட மாட்டான்.

அதுவரை நீ வாயைத் திறக்காதே. அம்மாவுக்காக.

கவுனுக்குத் துணி எடுத்துவிட்டாயா? கை நீளமாக வை. ஆகஸ்டில் இங்கே மழை.

அன்பு அம்மா

பெங்களூரு
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் நலம். நீ மருந்தைப் பாதியில் நிறுத்தவில்லையே?

சரி, ஈஸ்டர் வரை காத்திருக்கிறேன். உன் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் சரியில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்காக இந்த ஒரு கதவை மட்டும் திறந்து வைக்கிறேன். மே மாதம் முடிந்ததும் அங்கீகாரம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் அவன் வந்து சொல்ல வேண்டும்.

அவனாகவே வந்து சொன்னால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சின்ன அடுப்பில் செய்ததைத் திரும்பச் சோதிப்பார்கள், சில மாதம் தள்ளிப் போகும். வேறு ஆள் சொல்லி வந்தால் அடுப்பைப் பற்றிய பேச்சே இருக்காது. சொல்லாமல் செய்தார்கள், இவர்களை எப்படி நம்புவது என்பதுதான் பேச்சு. கம்பெனியை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். இதை அவனிடம் இப்படியே சொல் அம்மா. ஒரு வார்த்தை குறையாமல்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூடிக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் நம் ஊர்க் குளிரில் ஒன்றும் செய்யாது. பனிமலை உச்சியில் அது உறைந்து, உள்ளே இருக்கிற மயிரிழைக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒரு வருஷம் நன்றாக வேலை செய்யும். பிறகு ஒருநாள் அங்கே நிற்கிற பையன் கீழே கூப்பிடுவான், கீழே ஒன்றும் கேட்காது. அந்தப் பையனுக்கும் கொடைக்கானலிலோ வேறு எங்கோ ஒரு அம்மா இருப்பாள்.

கவுன் துணி எடுத்துவிட்டேன். வெள்ளைப் பருத்தி. கழுத்தில் சின்னதாகப் பேரிக்காய்ப் பூ தைக்கப் போகிறேன்.

ஃபெமினா

மூஞ்சிக்கல்
25 ஏப்ரல் 2025

சேசுவுக்குப் புகழ். உயிர்த்த ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அம்மா. நான் மிகவும் சுகம். வலி கூட அவர்கள் இருந்த நாலு நாளும் என்னை மறந்துவிட்டது.

பெரிய வியாழன் அன்றே அண்ணன் வந்துவிட்டான். பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. அந்த ஒரு பல்லை வைத்துக்கொண்டு என் விரலைக் கடித்துப் பார்க்கிறாள். மதினிக்கு மலை ஏறினதில் தலை சுற்றி, ஒருநாள் படுத்தே கிடந்தாள், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். பெரிய வெள்ளி சிலுவைப் பாதைக்கு அண்ணன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு முழுத் தூரமும் நடந்தான். சனிக்கிழமை எல்லோரும் ஏரிக்குப் போனோம். படகில் நான் ஏற மாட்டேன் என்றேன், கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பாப்பா தண்ணீரைப் பார்த்துச் சிரிக்க, அவன் அவளைப் பார்த்துச் சிரிக்க, படகு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது.

உன் அப்பா போன பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூரையில் ஓட்டை பார்த்தான். குழாயை மாற்றினான். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, மே முடிஞ்சு அங்கீகாரம் வந்துட்டா தொழிற்சாலையே எம் பொறுப்புதான். கீழ ஒரு ரூம் போட்ட வீடா பார்த்திருக்கேன், உனக்குப் படி ஏறுற சோலி இல்ல" என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து பிரியாணி. சாயங்காலம் ஜீப் வந்துவிட்டது. பாப்பா என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் அம்மா விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். ஜீப் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அம்மா

பெங்களூரு
30 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை வாசித்தேன்.

சொன்னாயா அம்மா? ஒரு வரி போதும்.

ஃபெமினா

மூஞ்சிக்கல்
11 மே 2025

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகளுக்கு அம்மா. நான் சுகம். சீசன் கூட்டம், மூஞ்சிக்கல்லில் நடக்க இடம் இல்லை. தபால் நிலையம் போகவே ஒரு மணி நேரம் ஆனது. பதில் தாமதம் அதனால்தான்.

என் பிள்ளையிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ரெக்ஸ் புத்தியுள்ள பிள்ளை. செய்ய வேண்டியதைச் செய்வான். நீ அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்குக் கம்பளியில் குல்லா பின்னுகிறேன். வெள்ளை நூல். உன் கவுனோடு சேர்ந்து போகும். பேரிப் பூ எந்த நிறம் என்று எழுது.

அன்பு அம்மா

பெங்களூரு
8 ஜூன் 2025

அன்புள்ள அம்மா,

நீ நலமா?

மே முடியும் வரை தினமும் எங்கள் ஆபீஸுக்கு வருகிற தபாலைப் பார்த்தேன். அந்தக் கோப்பு என் பொறுப்பில் இல்லை, ஆனாலும் ஓசூர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணனிடமிருந்து எதுவும் வரவில்லை. நீ சொல்லியும் அவன் கேட்கவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் நீ சொன்னாய், அவன் செய்யவில்லை. வேறு எப்படி நினைப்பது?

இரண்டாம் தேதி காலை என் மேலதிகாரி அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்ததை, யார் வாயால் தெரிந்தது என்பதையும் சேர்த்து, சொல்லிவிட்டேன். அன்று மாலையே அங்கே ஆள் போனார்கள். சின்ன அடுப்பு ஓடிக்கொண்டிருந்ததாம்.

அவர் என் கையைப் பிடித்து, சரியான காரியம் செய்தாய் என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் போன் எடுப்பதில்லை. மதினியும்தான். கவுன் முடித்துவிட்டேன். உன் முகவரிக்கே அனுப்புகிறேன்.

ஃபெமினா

ஓசூர்
20 ஜூலை 2025

ஃபெமினாவுக்கு,

போன்ல பேசினா கத்திடுவேன். அதனால அம்மா மாதிரி எழுதுறேன்.

சோதனைக்கு வந்தவங்க கேட்ட கேள்வியிலயே கிறிஸ்துமஸ் பேச்சு உன் வழியா போனது தெரிஞ்சு போச்சு. இப்ப அங்கீகாரம் இல்லைன்னு கடிதம் வந்துருச்சு. திரும்ப விண்ணப்பிக்கவும் கூடாதாம். எங்க முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒண்ணும் திட்டல. தண்ணி கொடுத்தார். குடிச்சதும் அடையாள அட்டையை வாங்கிக்கிட்டார். மைக்ராஸ்கோப்புல உக்காந்து கம்பி ஒட்டுற பிள்ளைகள்ல அஞ்சு பேர் நான் பழனில இருந்து கூட்டிட்டு வந்தது. அதுங்களும் வீட்டுக்குப் போயாச்சு.

நான் செஞ்சது தப்புதான். பெரிய அடுப்பு ரிப்பேர் ஆகி வந்ததும் மாத்திடலாம், அதுக்குள்ள யாருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன். அதுல நான் சண்டை போட வரல.

நான் கேக்குறது வேற. உனக்கு வாய் இல்லையா? உங்க சட்டம் உன்னைத் தடுத்துச்சுன்னே வச்சுக்குவோம். அம்மாகிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம்ல? ஈஸ்டருக்கு நாலு நாள் அங்கதான கெடந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த பஸ் பிடிச்சு உங்க ஆபீஸ் வாசல்ல நின்னிருப்பேன். அம்மா சொல்லி நான் கேக்காதது எது?

அங்க பாப்பாவைத் தூக்கிட்டு நான் சிரிச்சுக்கிட்டு இருந்தப்ப, பெங்களூருல நீ நாளை எண்ணிக்கிட்டு இருந்திருக்க.

ஞானத்தாய்க்கு லீமாவோட அக்காவைக் கேட்டாச்சு. நீ வர வேணாம்.

ரெக்ஸ்

பெங்களூரு
29 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

அம்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மூட்டு வலி கைக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன், எழுத்து கோணலாக வருகிறது. டாக்டரிடம் கூட்டிப் போ.

பாப்பாவுக்கு என் முத்தம்.

ஃபெமினா

மூஞ்சிக்கல்
18 ஆகஸ்ட் 2025

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அம்மா எழுதுவது.

உன் ஜூன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நீயும் அதற்குப் பிறகு எனக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி சலேத் மாதா கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. சலேத் மேரி என்று பெயர் வைத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பாப்பா அழவில்லை, சாமியாரின் தாடியைப் பிடிக்கப் போனாள். மதினியின் அக்கா மெழுகுவர்த்தி பிடித்தாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் கவுனை நான் எடுத்துக் கொடுத்தேன். லீமா வாங்கினாள், ரெக்ஸைப் பார்த்தாள், திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டாள். கடைக் கவுனுக்கு மேல் என் குல்லாவை மட்டும் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அண்ணன் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தான். எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் அவனே வாசித்தான். "பாரும்மா உம் மகளை. தப்பு என்னுடையதுன்னு எழுதத் தெரியுது. ஏன் சொல்லலைன்னு எழுதத் தெரியல" என்றான். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நீ எழுதியிருந்த இடத்தை வாசிக்கும்போது அவன் குரல் கொஞ்சம் இளகியது. பாப்பா என் மடியில் உட்கார்ந்து முந்தியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நீ எனக்காக ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நீ போடாத கையெழுத்து அது. அதை மேசையில் வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"ஏலே, அவ சொல்லி விட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை குறையாம சொல்லி விட்டா. ஈஸ்டருக்கு உங்கிட்ட சொல்லாதது நாந்தான்" என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டான்.

ஏரியில் சொல்லலாம் என்று இருந்தேன், படகில் அவன் சிரித்தான். பூசை முடிந்து சொல்லலாம் என்று இருந்தேன், எல்லோரும் அவனிடம் வந்து கை கொடுத்தார்கள். ஜீப் வந்த பிறகு சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், பாப்பா முந்தியைப் பிடித்தாள். இதையெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது? "நீ சிரிச்சுக்கிட்டு இருந்தய்யா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் எழுந்து வந்து பாப்பாவை என் மடியிலிருந்து வாங்கினான். கோபமாக வாங்கவில்லை. என் முந்தியைப் பிடித்திருந்த விரலை, லீமா அன்று எடுத்த மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். ஜீப்புக்குச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள். நான் வாசல் வரைதான் போனேன்.

நேற்றும் இன்றும் போன் அடித்தேன். எடுக்கவில்லை. உனக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாய். அவன் எடுக்காத வரிசையில் இப்போது நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஒருநாள் எடுப்பான். நம் இருவரில் யாருக்கு முதலில் எடுக்கிறானோ அவள் மற்றவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தொண்டையைப் பார்த்துக்கொள். புதுத் தைலம் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

உன் கவுன் இரண்டு மாதம் பெட்டியில் இருந்ததில் மழை வாடை ஏறிவிட்டது. நேற்றுத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். கழுத்துப் பூவெல்லாம் அப்படியே இருக்கிறது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது, மடிப்புக்குள் கை விட்டால் இன்னும் சில்லென்று இருக்கிறது. வெயிலைக் காணவில்லை. முழுக்கக் காயட்டும், அதற்கு முன்னால் எடுத்து வைக்க மாட்டேன்.

அம்மா